போட்டியில் பூத்த காதல்: லீவு நாளில் எந்தப் படத்தைப் போடலாம்?

வீட்டில் பத்துப் பேர் கூடிவிட்டால் என்ன படம் போடுவது என்பதே ஒரு பஞ்சாயத்து. பெரியவர்களுக்குப் பாட்டு வேண்டும். பிள்ளைகளுக்கு வேகம் வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடி இருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் காதல் வேண்டும். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்கு, எந்த இடத்தில் விட்டாலும் பிடித்துக்கொள்ள முடிகிற கதை வேண்டும். இந்த நாலு தரப்புக்கும் ஒத்துவருகிற ஒரு வகைப் படம் நம்மிடம் இருக்கிறது. ஆட்டமோ, வாத்தியமோ, கிரிக்கெட்டோ, ஒரு போட்டியை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் காதலைச் சொல்லும் படம். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாததால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். காதலும் சேர்ந்திருப்பதால் யார் ஜெயித்தாலும் கொஞ்சம் உறுத்தும்.

இங்கே தராசில் வைப்பது நான்கு படங்களை: தில்லானா மோகனாம்பாள் (1968), கரகாட்டக்காரன் (1989), சங்கமம் (1999), லப்பர் பந்து (2024). ஓரமாக இறுதிச்சுற்று (2016) படத்துக்கும் ஒரு நாற்காலி. கில்லி எங்கே என்று கேட்பவர்களுக்கு: அதில் கபடி இருக்கிறது, காதலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. வேலுவைக் கபடி வீரனுக்குப் பதில் கேரம் போர்டு வீரன் ஆக்கினாலும் தனலட்சுமியை அவன் காப்பாற்றத்தான் போகிறான். வெண்ணிலா கபடிகுழு (2009) நல்ல படம். ஆனால் அதன் முடிவு தெரிந்தவர்கள் அதைப் பண்டிகை நாளில் போட மாட்டார்கள்.

எதிராளி யார்?

இந்த வகைப் படங்களை நான் பிரிப்பது ஒரே ஒரு கேள்வியை வைத்து. போட்டியில் எதிரே நிற்பது யார்? காதலிக்கும் ஆளேவா, காதலிக்கும் ஆளின் குடும்பமா, அல்லது இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளா? இந்தப் பதில்தான் படத்தின் ருசியைத் தீர்மானிக்கிறது. காதலியே எதிராளி என்றால் ஒவ்வொரு ஜெயிப்பும் ஒரு சிக்கல். காதலியின் அப்பா எதிராளி என்றால் காதல் பணயப் பொருள் ஆகிவிடும். வெளியாள் எதிராளி என்றால் அது விளையாட்டுப் படம். காதல் அதில் துணைக்கு வருவதுதான்.

முதல் வகை நமக்குச் சினிமா வருவதற்கு முன்பே பழக்கம். திருவாலங்காட்டில் காளியும் சிவனும் ஆடிய கதை எல்லோருக்கும் தெரியும். இருவரும் சரிசமமாக ஆடிக்கொண்டே போக, சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறார். பெண்ணான காளி அப்படித் தூக்கக் கூசி ஒதுங்குகிறாள். காளிக்கு ஆட்டம் வராமல் போகவில்லை, கூச்சம்தான் தடுத்தது. ஜெயித்தவர் ஜெயித்த விதம் அவ்வளவு அழகில்லை என்று சிறு வயதிலேயே பலருக்குத் தோன்றியிருக்கும். மதுரையிலோ வேறு மாதிரி. மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டி எட்டுத் திக்கும் வென்று கயிலாயம்வரை படையோடு போய், எதிரே நின்ற ஈசனைப் பார்த்ததும் வில்லைத் தாழ்த்துகிறாள். போர்க்களத்திலேயே கல்யாணம் நிச்சயம் ஆகிவிடுகிறது. அந்தத் தோல்வியில் அவமானம் இல்லை, ஆனால் படை நடத்திய பெண் அதன்பிறகு மணப்பெண். போட்டியும் காதலும் கலந்த தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகின்றன. விட்டுக்கொடுப்பது யார், எப்படி, அதற்குப் பிறகு அவர்களின் கலை என்ன ஆகிறது என்று பார்த்தாலே படத்தின் தரம் தெரிந்துவிடும்.

தில்லானா மோகனாம்பாள்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதி, கோபுலு படம் வரைந்து, வாராவாரம் தமிழ்நாடே காத்திருந்து படித்த கதை. ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரக்காரர், திருவாரூர் மோகனாம்பாள் நாட்டியக்காரி. இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய தூரம் கிடையாது. இரண்டு கலைக்கும் நடுவேதான் தூரம். கோயில் மரபில் நாதஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்பார்கள், சதிர் எனும் பழைய நாட்டியத்தை ஆடும் குழுவைச் சின்ன மேளம் என்பார்கள். பெரியது, சின்னது என்ற அந்த ஏற்ற இறக்கம்தான் சண்முகசுந்தரத்தின் திமிருக்கு உரம். கொஞ்சம் மரியாதை குறைந்தாலும் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டுக் கிளம்பும் கோபக்காரர். ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பதே தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைப்பவர், ரகசியமாகப் போய்ப் பார்க்கிறார்.

அந்த ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டை ஒருமுறை சத்தத்தை மட்டும் கேட்காமல், இரண்டு பேரின் கண்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சபைக்குத் தெரியக் கூடாது. ஆகவே தெய்வத்தைக் கேட்பதுபோல் அவரைக் கேட்கிறாள். மாலவனையும் வேலவனையும் அழைக்கும் வரிசையில் சண்முகா என்ற பெயரும் வந்து விழுகிறது. சபைக்கு அது முருகன் பெயர், தூணுக்குப் பின்னால் நிற்பவருக்கோ அது தன் பெயர். கண்ணதாசன் எழுதி, கே.வி. மகாதேவன் இசையில் பி. சுசீலா பாடியது. முதல் சந்திப்பிலேயே அவள் ஒரு சுற்று ஜெயித்துவிட்டாள், அவர் வாத்தியத்தைத் தொடாமலேயே. இந்தப் படத்தில் காதல் என்பது போட்டியின் இன்னொரு பெயர் என்று இங்கேயே புரிந்துவிடும்.

பிறகு ரயில். அம்மா வடிவாம்பாள் காவலுக்கு இருக்க, இரண்டு கோஷ்டியும் ஒரே பெட்டியில். பேச முடியாத இடத்தில் எப்படிப் பேசுவது என்பதைச் சிவாஜியும் பத்மினியும் புருவத்தாலேயே காட்டுவார்கள். படம் வந்தபோது சிவாஜிக்கு 39 வயது, பத்மினிக்கு 36. இளம் ஜோடி என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது வயதுப் பிள்ளைகள் நடித்திருந்தால் இந்த வீம்புக்கு இத்தனை கனம் வந்திருக்காது. பல வருஷம் உழைத்துப் பெயர் எடுத்தவர்களுக்குத்தான் இழக்க ஏதாவது இருக்கும்.

திருவாரூர்ப் போட்டிக் காட்சியில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். திரையில் தெரியும் விரலும், உப்பும் கன்னமும், கழுத்து நரம்பும் சிவாஜியுடையவை. நாதஸ்வரம் கற்றவர்களே அந்த விரல் அசைவில் பெரிய குற்றம் சொல்வதில்லை. தவிலோடு பாலையா பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கும் முகபாவங்களுக்குத் தனி டிக்கெட் வாங்கலாம். போட்டி முடிவு என்ன? சண்முகசுந்தரமே எழுந்து அவளுக்குத் ‘தில்லானா’ பட்டத்தைக் கொடுக்கிறார். ஆலங்காட்டுச் சிவனைப் போல் குறுக்கு வழி தேடவில்லை. எதிராளியின் திறமையை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வதுதான் அவருடைய காதல் மனு. அதே நொடியில் ஒரு கத்தி பறந்து வந்து அவர் கையில் பாய்கிறது. வாசிக்கிற கையில்.

இதுவரை படம் ஒரு குறையும் சொல்ல முடியாதது. இதற்குப் பிறகு எனக்குச் சில புகார்கள் உண்டு. மைனர், ஜமீன், மகாராஜா என்று பணக்கார ஆசைக்காரர்கள் ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார்கள். சவடால் வைத்தி அத்தனை பேருக்கும் தரகு பார்க்கிறார். நாகேஷ் பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்டி போய், மோகனாவின் ஒழுக்கத்தின் மேல் சண்முகசுந்தரத்துக்கு வரும் சந்தேகம் கதையைப் பிடித்துக்கொள்கிறது. கலையில் சமம் என்று ஒப்புக்கொண்டவர், நம்பிக்கையில் சமம் கொடுக்க மறுக்கிறார். கல்லூரி போகும் பெண் வீட்டில் இருந்தால் இந்த இடத்தில் கேள்வி வரும். வரட்டும். பதில் சொல்லப் பெரியவர்கள் தயாராக இருந்தால் நல்லது.

பதிலின் ஒரு பகுதி படத்திலேயே இருக்கிறது, கவனித்தால் தெரியும். மோகனாவின் அம்மா ஏன் பணக்காரர்களைத் தேடுகிறாள்? பேராசைக்காரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சதிர் ஆடிய குடும்பங்களில் ஒரு பெரிய மனிதரின் ஆதரவில் வாழ்வதே பல தலைமுறையாக இருந்த வழி. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக விடுவதைத் தடுக்கும் மதராஸ் சட்டம் வந்ததே 1947-இல்தான். அம்மாவுக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். மோகனா கேட்பதோ ஒரு கலைஞனோடு ஊரறிந்த கல்யாணம். அப்படிப் பார்த்தால் அவள் நடத்தும் உண்மையான போட்டி நாதஸ்வரத்தோடு இல்லை, அம்மா போட்டு வைத்த பாதையோடு. இந்தக் கோணத்தில் பார்த்தால் பின்பாதிக்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. இழுவை குறையாது, அது வேறு விஷயம்.

பின்பாதியில் தவறவிடக் கூடாதது ‘நலந்தானா’. காயம் பட்டவரை நேரில் பார்த்து விசாரிக்க அவளுக்கு வழியில்லை. மேடையில்தான் சந்திப்பு. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆட்டத்திலேயே கேட்கிறாள், அவர் வாசிப்பிலேயே பதில் சொல்கிறார். எதிரெதிர்க் கலைகளாக ஆரம்பித்தவை இங்கே தபால் எடுத்துப் போகும் வேலை செய்கின்றன. மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவான இந்தப் படத்தில் இந்தப் பாட்டுக்காகவே உட்காருபவர்கள் உண்டு, நான் உட்பட.

கரகாட்டக்காரன்

தில்லானாவைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்று கங்கை அமரனே சொல்லியிருக்கிறார். சபையை எடுத்துவிட்டு ஊர்ப் பொட்டலை வைத்தார். நாதஸ்வரத்தையும் சதிரையும் எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கரகத்தையே வைத்தார். முத்தையா (ராமராஜன்), காமாட்சி (கனகா) இரண்டு பேரும் கரகாட்டக்காரர்கள். ஆளுக்கொரு செட்டு, ஆளுக்கொரு வீம்பு, காதலைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இந்த மாற்றத்தில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும். லாபம்: பெரிய மேளம் சின்ன மேளம் என்ற ஏற்றத்தாழ்வு போய்விட்டது. இருவரும் ஒரே ஆட்டம் ஆடுகிறார்கள், ஒரே நையாண்டி மேளத்துக்கு. யாரும் யாரையும் கலையின் பெயரால் மட்டம் தட்ட முடியாது. நஷ்டம்: அதனாலேயே போட்டி சீக்கிரம் கரைந்துவிடுகிறது. பாதிப் படத்துக்குள் எதிராளி என்ற இடத்துக்கு ஊர்ப் பெரிய மனிதரும் அக்கா புருஷனும் குடும்பப் பகையும் வந்துவிடுகிறார்கள். முத்தையாவின் அம்மாவும் காமாட்சியின் அப்பாவும் பிரிந்துபோன அண்ணன் தங்கை என்று தெரியும்போது, போட்டிக் கதை முறைப்பெண் கதையாகிவிடுகிறது. அதில் குற்றமில்லை. நம் ஊருக்கு அது போட்டியைவிடப் பிடித்த கதை.

இறுதியில் தீமிதி. கரகத்தில் கோயிலுக்கு எடுக்கும் சக்திக் கரகம் வேறு, கூட்டத்தை மகிழ்விக்கும் ஆட்டக் கரகம் வேறு. படம் முழுக்க ஆட்டக் கரகம் ஆடியவர்கள் கடைசியில் ‘மாரியம்மா’ பாட்டோடு சக்திக் கரகத்தின் பக்கம் போகிறார்கள். யார் சிறந்த ஆட்டக்காரர் என்ற கேள்வியை ஆத்தா காலடியில் வைத்துவிட்டுப் படம் தப்பித்துக்கொள்கிறது என்றுதான் சொல்வேன்.

ஆனால் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். இளையராஜாவின் பாட்டு ஒவ்வொன்றும் இன்றும் கோயில் கொடைகளில் ஒலிக்கிறது. கவுண்டமணி வாழைப்பழம் கேட்கும் காட்சியைப் பார்க்காமலேயே அதன் வசனம் தெரிந்த தலைமுறை வளர்ந்துவிட்டது. சொப்பன சுந்தரி வைத்திருந்த கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடக்கிறவர்களுக்காக ஒரு படம் என்றால் இதுதான். எந்தப் பத்து நிமிஷத்தை விட்டாலும் நஷ்டமில்லை, எந்தப் பத்து நிமிஷத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஒரு பாட்டோ ஒரு சிரிப்போ கிடைக்கும்.

சங்கமம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரதநாட்டியக் குடும்பப் பெண், நாட்டுப்புற ஆட்டக் குடும்பப் பையன். அப்பாக்களாக விஜயகுமாரும் மணிவண்ணனும். சாஸ்திரியமா, நாட்டுப்புறமா என்ற கேள்வியைத் தில்லானாவைவிட நேரடியாகவே எடுத்த படம். எடுத்ததோடு சரி. காதலர்களுக்குள் போட்டி கிடையாது, அப்பாக்களுக்குள்தான். நாயகன் ரகுமானும் அறிமுக நாயகி விந்தியாவும் நடுவில் நிற்கிறார்கள், அவ்வளவே. மணிவண்ணன் வரும் காட்சிகளில் மட்டும் படத்துக்கு உயிர் வருகிறது. நகைச்சுவைக்கும் வில்லத்தனத்துக்கும் பழகிய முகத்தில் ஒரு கலைஞனின் ரோஷத்தைப் பார்க்கலாம்.

ஏ.ஆர். ரகுமானின் இசை வேறு கதை. ‘வராக நதிக்கரை ஓரம்’, ‘மார்கழித் திங்கள் அல்லவா’, ஹரிஹரனோடு எம்.எஸ். விஸ்வநாதன் குரல் கொடுத்த ‘மழைத்துளி’. ‘முதல் முறை கிள்ளிப் பார்த்தேன்’ பாட்டுக்கு வைரமுத்துவுக்குத் தேசிய விருது. என் யோசனை: படத்தைப் போடாதீர்கள், பாட்டைப் போடுங்கள். சமையல் நடக்கும்போது ஓடட்டும். கடைசிப் போட்டிக் காட்சியை மட்டும் வேண்டுமானால் தனியாகப் பாருங்கள்.

லப்பர் பந்து

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல் செப்டம்பர் 2024-இல் வந்து, வாய்வழியாகவே பரவியது. கெத்து என்று ஊர் கூப்பிடும் பூமாலை (அட்டகத்தி தினேஷ்) நடுத்தர வயதைத் தொட்ட பேட்ஸ்மேன். அன்பு (ஹரிஷ் கல்யாண்) இளம் ஆட்டக்காரன். கெத்தின் பேட்டிங்கில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அன்பு சொல்லப்போக, அது காதுக்குக் காது போய், இரண்டு ஆண்களின் ஈகோவில் உட்கார்ந்துவிடுகிறது. தான் காதலிக்கும் துர்காவின் அப்பாதான் அந்தக் கெத்து என்று அன்புக்குத் தெரியும்போது தகராறு முற்றிவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் சங்கமம் போல இதுவும் குடும்பத்தோடு மோதும் கதைதான். ஆனால் இங்கே எதிராளி உண்மையிலேயே ஆட்டக்காரர். மாமனார் என்பதற்காக வில்லன் வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர் கிடையாது. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் அர்த்தம் இருக்கிறது. நன்றாகப் போட்டால் மாமனார் மனசு கெடும். மோசமாகப் போட்டால் தன் மனசு கெடும். தில்லானாவுக்குப் பிறகு போட்டியும் காதலும் இத்தனை இறுக்கமாகப் பின்னிய தமிழ்ப் படம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். சண்முகசுந்தரத்துக்குப் பட்டம் கொடுக்க எத்தனை கஷ்டமோ, அத்தனை கஷ்டம் கெத்துக்கு அன்பின் பந்தைப் பாராட்ட. இரண்டு பேரும் ஒரே ஜாதகம்.

இன்னொன்றையும் இந்தப் படம் செய்கிறது. அன்பு நன்றாக ஆடியும் தன் ஊர் டீமில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. காரணம் சாதி. பிரசங்கம் இல்லாமல், டீம் எடுக்கும்போது யார் பெயர் விடுபடுகிறது, ஆள் குறைந்தால் மட்டும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற சின்ன விஷயங்களில் அதைக் காட்டுகிறார்கள். கிராமத்துப் பொட்டலில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அந்த ‘எக்ஸ்ட்ரா பிளேயர்’ இடத்தின் வலி தெரியும். போட்டி எல்லோருக்கும் பொது என்று சொல்லும் படங்கள் நிறைய. உள்ளே வரவே சிலருக்கு அனுமதி இல்லை என்பதைக் காதல் கதைக்குள் வைத்துச் சொன்னது இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காதல் அன்பு – துர்கா ஜோடியுடையது இல்லை. கெத்து – யசோதா (சுவாசிகா) ஜோடியுடையது. காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள். மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பேசிப் பார்த்துப் பலனில்லாமல் யசோதா ஒருநாள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, பிட்சை உழுதுவிட்டுப் போகிறாள். தியேட்டரில் பெண்கள் கைதட்டிய காட்சி. மனைவியைக் கண்டால் பம்முகிற, அவளுக்குத் தெரியாமல் ஆடப் போகிற, அவள் இல்லாவிட்டால் சோர்ந்துபோகிற அந்த மனிதரைத் தினேஷ் நடித்திருக்கும் விதத்துக்காகவே படத்தை இரண்டாம் தடவை பார்க்கலாம். நீண்ட தாம்பத்தியமும் ஒரு டெஸ்ட் மேட்ச்தான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் மாமா மாமிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கெத்து களத்தில் இறங்கும்போது ஒலிக்கும் ‘நீ பொட்டு வச்ச தங்கக்குடம்’ விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் பாட்டு. அதுவும் 1989, அதுவும் இளையராஜா. கரகாட்டக்காரன் வந்த அதே வருஷம். விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்து ஒரு வருஷம் ஆவதற்குள் வந்த படம் என்பதால் அந்தப் பாட்டுக்குத் திரையரங்கில் வந்தது வெறும் விசில் மட்டும் இல்லை. வீட்டில் 45 வயதைத் தாண்டிய ஆண்கள் இருந்தால் அந்த இடத்தில் அவர்கள் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

குறை சொல்ல வேண்டுமானால் துர்காவுக்குச் செய்ய அதிகமில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவே நிற்கிறாள், நியாயமாகப் பேசுகிறாள், காத்திருக்கிறாள். தில்லானா மோகனாவிடம் ஒரு கலை இருந்தது, காமாட்சியிடம் ஒரு கரகம் இருந்தது. துர்காவிடம் பந்தும் இல்லை மட்டையும் இல்லை. 2024-இல் வந்த படம் 1968-இல் வந்ததைவிட இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கித்தான் நிற்கிறது.

இறுதிச்சுற்று பற்றி

சுதா கொங்கரா இயக்கியது. மீன் விற்கும் மதி (ரித்திகா சிங்), எரிச்சல் பிடித்த குத்துச்சண்டைப் பயிற்சியாளர் பிரபு (மாதவன்). ரித்திகா நிஜமாகவே சண்டை விளையாட்டு வீராங்கனை என்பதால் குத்துகள் குத்துகளாகத் தெரிகின்றன. தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. மேலே சொன்ன கணக்கில் இது மூன்றாவது வகை: எதிராளி வெளியே. வீட்டுக்குள் அக்காவின் பொறாமை உண்டு, சங்கத்து அதிகாரியின் அத்துமீறல் உண்டு, ஆனால் காதலர்கள் ஒரே பக்கம். காதல் என்று அவள்தான் சொல்கிறாள், அவர் விலகுகிறார். குருவும் சிஷ்யையும் காதலிப்பதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நெருடல் வரலாம், வயது வித்தியாசமும் கண்ணை உறுத்தலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த அதிகாரி வரும் இடங்களுக்காக முன்கூட்டி யோசியுங்கள். பதினைந்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல தேர்வு. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

சரி, எதைப் போடுவது?

மூன்று தலைமுறை, ஒரே மத்தியானம், ஒரே படம் என்றால் லப்பர் பந்து. அதில் தாத்தா பாட்டிக்கு யசோதாவின் மாமியார் மருமகள் உறவு இருக்கிறது, அப்பாவுக்கு விஜயகாந்த் இருக்கிறார், பையனுக்குக் கிரிக்கெட் இருக்கிறது. யாரும் யாருக்காகவும் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. படம் முடிந்த பிறகு சாதி பற்றிய ஒரு பேச்சு வரலாம். வந்தால் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

கூட்டம் அதிகம், குழந்தைகள் ஓடுகிறார்கள், யாரும் முழுசாகப் பார்க்கப் போவதில்லை, பின்னணியில் ஏதாவது ஓட வேண்டும் என்ற நிலைமைக்குக் கரகாட்டக்காரன். இதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு படம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் சலிக்காமல் செய்கிறது என்றால் அது பெரிய விஷயம்.

கணவனும் மனைவியும் மட்டும், அல்லது இசையில் ருசி உள்ள நாலு பேர் மட்டும் என்றால் தில்லானா மோகனாம்பாளைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஐந்தில் ஒன்றுதான் என்று என்னைக் கட்டிப்போட்டுக் கேட்டாலும் அதுதான். மற்ற எல்லாப் படங்களிலும் போட்டியை எடுத்துவிட்டால் காதல் ஏதோ ஒரு வழியில் பிழைத்துக்கொள்ளும். அன்புவும் துர்காவும் எப்படியும் காதலிப்பார்கள். முத்தையாவுக்குக் காமாட்சி முறைப்பெண். சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் போட்டி இல்லாவிட்டால் ஒருவரையொருவர் பார்க்கவே காரணம் இல்லை.

போடுவதற்கு முன் இரண்டு ஏற்பாடு. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். திருவாரூர்ப் போட்டி முடிந்து கத்தி பாயும் இடத்தில் நிறுத்தி, காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். பின்பாதியின் நீளம் அப்போது அத்தனை உறைக்காது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கீச்சென்று கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. வீட்டில் ஹோம் தியேட்டரோ, நல்ல ஸ்பீக்கரோ இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள்.